ஒப்பளிக்கப்பட்ட மின்பளு

அயனாவரம் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில்
பதினேழு வருடமாக ஒரே நாற்காலி எனக்கு.
நாற்காலிக்கு இரண்டு முறை ரெக்சின் மாற்றினார்கள்.
எனக்கு எதுவும் மாற்றவில்லை.

ஏப்ரல் பிறந்தால் வருவார்கள்,
இரண்டு கிலோவாட் வாங்கிய வீட்டில்
மூன்று ஏசி மாட்டிவிட்டு
ஒயர் கருகிவிட்டது சார் என்று.
ஒயரைக் குற்றம் சொல்வார்கள், காக்கையை,
பக்கத்து வீட்டு வெல்டிங் பட்டறையை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்பேன்:
"ஒப்பளிக்கப்பட்ட பளு எவ்வளவுன்னு
வெள்ளை அட்டையில போட்டிருக்கு, படிச்சீங்களா?"

எனக்கும் ஓர் அட்டை இருந்திருக்கலாம்.

கொன்னூர் நெடுஞ்சாலையில் செல்போன் கடை மாடியில் ஜிம்.
முப்பது நாளில் புது மனிதன்.
கட்டிய பணம் திரும்பாது, ஆகவே
ஒரு நிமிடமும் வீணாகக் கூடாதென்று
முதல் மாலையே எல்லாம் செய்தேன்.
உட்கார்ந்து எழுவது நூறு.
விழுந்து எழுந்து குதிப்பது, அதற்கு ஏதோ பெயர், நாற்பது.
பக்கத்திலிருந்த பையன் எந்த இரும்பைத் தூக்கினானோ
அதே எண்ணில் நானும் கை வைத்தேன்.
மாஸ்டர் டெரிக் ஜன்னலோரம் போனில் இருந்தார்.
உடம்பு ஒன்றும் சொல்லவில்லை.
அது அன்றைக்கே சொல்லாது,
மறுநாள் தபாலில் அனுப்பும்.

மறுநாள் வீட்டுப் படியில்
கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினேன்.
கழிப்பறையில் உட்கார்வது ஒரு தீர்மானம்,
எழுவதற்குத் தனித் தீர்மானம்.
பேருந்தில் கால் தூக்குவதற்குள் கண்டக்டர்
"பார்த்து ஏறுங்க பெரியவரே" என்றார்.
எனக்கு நாற்பத்து நான்கு.

மூன்றாம் நாளும் போனேன்.
வலித்தால்தான் வளரும் என்று சுவரில் எழுதியிருந்தது.
கயிறு தாண்டும்போது, ஏழாவது தாண்டலில்,
இடது கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்தார்கள்.
திரும்பிப் பார்த்தேன்.
யாருமில்லை.

ஃப்யூஸ் போகும் சத்தம் எனக்குத் தெரியும்.

பிசியோ ஷமீமா முதலில் காலைப் பார்க்கவில்லை.
"சிறுநீர் கருங்காப்பி கலர்ல போச்சா?"
இல்லை என்றேன்.
"போயிருந்தா என்கிட்ட வரக்கூடாது, நேரா ஆஸ்பத்திரி."
பிறகு அழுத்தினார். கத்தினேன்.
"பழகாத சதை ரெண்டு பக்கமும் கனமா வலிக்கும்,
நாலு நாள்ல போயிடும்.
ஒரே இடத்துல சுருக்குன்னு குத்தினா
அந்த நொடியே நிறுத்திடணும்.
என்ன வேலை சார் பார்க்கறீங்க?"
சொன்னேன்.
சிரித்துவிட்டு வேறு அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து
ஐ.சி.எஃப். குடியிருப்புச் சாலை, காலை ஐந்தரை.
கம்பங்கள் ரயில்வேக்காரர்களுடையவை.
இருந்தாலும் கம்பம் கம்பம்தான்.
முதலில் சும்மா நடை, சட்டை முதுகில் ஒட்டும்வரை.
பிறகு ஒரு கம்பம் ஓட்டம், மூன்று கம்பம் நடை,
படுத்திருக்கும் நாய்
துரத்துவதற்குத் தகுதியில்லை என்று விட்டுவிடும் வேகத்தில்.
ஆறரைக்கு வெயில் பொறுப்பேற்கும்முன் வீடு.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான்.
விட்ட நாளில் சும்மா இருப்பதுதான் கஷ்டம்.
ஷூ வாசலில் முறைத்துக்கொண்டே இருக்கும்.
"இன்னிக்கு ஓடலையா?" என்பாள் வேதவல்லி.
"பராமரிப்புப் பணி காரணமாக
காலை ஒன்பது முதல் இரண்டு வரை மின்தடை."
"ஒன்பதுக்கு ஆபீஸ் போகணும்,
தோசை ஆறுது" என்பாள்.

மீதி இருபத்தேழு நாள்
அந்த மாடியில் என் பெயரில் கிடக்கிறது.

போன செவ்வாய்
ஹாக்கி மட்டையோடு நாலு பெண் பிள்ளைகள்
என்னைத் தாண்டி ஓடினார்கள்.
கால் என்னைக் கேட்காமல் அவர்கள் பின்னால் போயிற்று,
ஐந்தாறு அடி.
பிறகு விண்ணப்பம் ஞாபகம் வந்தது.
கூடுதல் பளு கேட்டால்
ஆள் போய் ஒயரைப் பார்க்காமல்
நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
நடந்தேன்.

இன்று இரண்டு கம்பம் ஓடினேன்.
மூன்றாவது அங்கேயேதான் நிற்கிறது,
எண் பாதி உரிந்து,
உச்சியில் ஒரு காக்கையோடு.