மூன்றாவது குலுக்கல்

தேகுவில் ஜூலை.
பேருந்து நிறுத்தத்தின் இரும்புப் பலகையில் உட்கார்ந்தால்
தொடை வேகும்.
அந்த மாதம் பார்த்து எனக்கு வேலை கிடைத்தது,
கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில்.

எட்டு வாரப் பயிற்சி. கழுத்து அட்டையில்
பியோ ஹாஜின், இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு.
செய்ய வேண்டியது ஒரு கை.
கோழி பொரிக்கும் கை.
தோள் உண்டு, முழங்கை உண்டு,
மணிக்கட்டில் மட்டும் மூன்று மூட்டு.
வியர்வை கிடையாது.

முதல் வாரம் திருகாணி.
இரண்டாம் வாரம் மாவு புகுந்து இறுகிய பேரிங்.
கல்லூரியில் யாரும் சொல்லவில்லை,
எண்ணெய்ப்புகை கலைந்து போவதில்லை,
உட்கார இடம் தேடுகிறது என்று:
சென்சாரின் கண்ணில், கேபிள் உறையில்,
இரவு பதினோரு மணி மெட்ரோவில்
என் பக்கத்து இருக்கை காலியாகவே வருவதில்.

மூன்றாம் வாரம் கடைக்கு அனுப்பினார்கள்.
தக் மின்வூ. வயது இருபத்தாறு.
நாளைக்கு நூற்றிருபது கோழி.
அவன் வலக்கையில் ஒன்பது வெள்ளிப் பொட்டுகள் ஒட்டினேன்,
கேமரா பார்த்துக் கற்றுக்கொள்ள.
"அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றான்,
கையைத் திருப்பித் திருப்பி.

கூடையை எண்ணெயிலிருந்து தூக்குவான்.
ஒரு குலுக்கல். இரண்டு.
மூன்றாவதில் மட்டும் மணிக்கட்டு
இடப்பக்கம் பதினொரு பாகை சரியும்,
அரை நொடி நிற்கும்,
பிறகு கொட்டும்.
இருநூறு முறை பதிவு செய்தேன். இருநூறிலும் சரிந்தது.

"இதுதான்" என்றார் குழுத் தலைவர் நாம்குங் சியோல்,
திரையைத் தொட்டு.
மொறுமொறுப்பின் சூட்சுமம் என்று ஸ்லைடில் போட்டார்.
சிவப்பு அம்புக்குறி என் யோசனை.

நான்கு நாள்,
அந்தச் சரிவை வளைகோடாக்கி,
வளைகோட்டை எண்ணாக்கி,
எண்ணை ஆறாவது மூட்டுக்கு ஊட்டினேன்.
கை தூக்கியது. ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் சரிந்து நின்றது.
அச்சு அசல் அவன்.
கைதட்டினார்கள். எனக்குக் காது சூடானது.

அன்றிரவு கடையின் பின்வாசலில்
காலி எண்ணெய் டின்கள் மேல் உட்கார்ந்து
முள்ளங்கி ஊறுகாயைக் கொறித்தபடி கேட்டேன்:
அந்த மூன்றாவது குலுக்கலை எங்கே பிடித்தாய்?

"எதை?
போன வருஷம் டெலிவரிக்குப் போகும்போது
மழையில் ஸ்கூட்டர் சறுக்கியது.
எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது.
ரெண்டு குலுக்கல் தாங்கும்.
மூணாவதில் வலிக்கும்."

முள்ளங்கி வாயிலேயே இருந்தது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் சோதித்தேன்.
சரிவோடு நாற்பது துண்டு, சரிவில்லாமல் நாற்பது.
எடை, ஈரம், கடிக்கையில் எழும் ஓசை.
கடுகளவும் வித்தியாசம் இல்லை.
நரம்பே இல்லாத ஓர் அலுமினியக் கை
வலிக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தது,
கூடைக்குக் கூடை, சலிக்காமல்.

நாம்குங் சியோல் கேட்டுக்கொண்டார்.
அம்புக்குறியைப் பார்த்தார்.
"வெள்ளிக்கிழமை முதலீட்டாளர்கள் வருகிறார்கள்.
அதுவரை இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மின்வூவும் வந்திருந்தான்,
இஸ்திரி போட்ட சட்டையில், கடைசி வரிசையில்.
இயந்திரம் மூன்றாவதைக் குலுக்கியபோது
அவன் முகம் சுளித்தது, அதற்கும் சேர்த்து.
வெளியே வந்ததும் சிரித்தான்:
"எனக்குக் கிடைக்காத இழப்பீட்டை
இதுக்காவது வாங்கிக் கொடு."

எட்டாம் வாரம் அந்த வரியை அழித்தேன்.
கூடைக்கு அரை நொடி மிச்சம்.
அறிக்கையில் அது என் சாதனையாக ஏறியது,
அவன் பெயர் இல்லாமல்.

கடைசி நாள் கிடங்கில் கேட்டு வாங்கினேன்,
பழைய ஸ்பிரிங் தூக்கி ஒன்று,
கனமான துளைக்கருவியைத் தொங்கவிடுவது.
மின்வூவின் அடுப்புக்கு மேல் குழாயில் மாட்டி
கொக்கியில் கூடையைக் கோத்தேன்.
பாரம் பாதி மேலே போய்விட்டது.

ஒன்று. இரண்டு.
மூன்றாவது, நேராக.
அவன் கொட்டவில்லை.
சும்மா, நான்காவதாகவும் ஒரு முறை
குலுக்கிப் பார்த்தான்.