பூஜ்யக் காற்று

மணலியில், கன்டெய்னர் லாரிகள்
வரிசையில் தூங்கும் சாலையில்
ஷேர் ஆட்டோ என்னை இறக்கிவிடும் இடத்தில்
ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டிடம்.
இரண்டாம் மாடி வரைதான் எங்கள் அட்டைக்குக் கதவு திறக்கும்.
அதற்கு மேல் கம்பெனிகள்:
ட்ரோன் செய்கிறவர்கள், பேட்டரி செய்கிறவர்கள்,
என்ன செய்கிறார்கள் என்றே சொல்லாத நாலு பேர்.
லிஃப்டில் அவர்களோடு ஏறினால்
என் டிபன் பாக்ஸ் மட்டும் பேசும்,
நெத்திலி வாசனையில்.

மூன்றாம் ஆண்டு, இன்ஸ்ட்ருமென்டேஷன்.
நானும் வால்பாறை எப்சிபாவும்
காற்றை அளக்கும் பெட்டி ஒன்று செய்கிறோம்.
எண்ணூறு ரூபாய் சென்சார்.
சாலிடர் வைத்ததில்
என் கட்டைவிரலில் ஒரு வெள்ளைத் தழும்பு.

ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரமே அவள் கேட்டிருந்தாள்:
"என்னடி இது நாத்தம்?"
"எது?" என்றேன்.
நிஜமாகவே கேட்டேன்.

எர்ணாவூரில் எங்கள் மொட்டை மாடியில்
தண்ணி டேங்குக்குப் பக்கத்தில் பெட்டியைக் கட்டினோம்.
முதல் நாள் எண் எகிறியது.
இரண்டாம் நாள் ராத்திரி
அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்து
"ஓடுதா?" என்றார்.
ஓடியது.
எட்டாம் நாள் தணிந்தது.
பத்தாம் நாள் பச்சை விளக்கு.
நல்ல காற்று என்றது பெட்டி.
கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில்
வழக்கம்போல் கரி.

நிரலை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தோம்.
தப்பு எங்களுடையது அல்ல.
சென்சாரின் கையேடு, பதினாலாம் பக்கம், பொடி எழுத்து:
ஒரு வாரத்தில் தான் பார்த்ததிலேயே
குறைச்சல் எதுவோ
அதையே சுத்தமான காற்று என்று எடுத்துக்கொள்ளும்.
அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கும்.

எப்சிபா என்னைப் பார்த்தாள்.
"பாக்காதடி" என்றேன்.

அதை அணைத்துவிடலாம், ஒரே வரி.
அப்புறம் பூஜ்யத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.
பூஜ்யக் காற்று சிலிண்டரில் வரும்.
மூன்று கையெழுத்து, ஒரு கொட்டேஷன், ஜி.எஸ்.டி. தனி.
தபசும் மேடம் ஃபாரத்தில்
'காரணம்' என்ற கட்டத்தை இரண்டு முறை படித்தார்.
'இங்கே கிடைக்காது' என்று எழுதியிருந்தேன்.
"கொஞ்சம் டெக்னிக்கலா எழுதும்மா."
அடித்துவிட்டு எழுதினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது.
சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டினோம்.
எப்சிபா ட்யூப் எடுக்கப் போன நேரம்
வால்வை ஒரு நூல் திறந்து மூக்கை வைத்தேன்.
ரப்பர் வாசனை. வேறொன்றும் இல்லை.
வேறொன்றும் இல்லாதது எப்படி இருக்கிறது என்று
இன்னொரு முறை வைத்தேன்.

பிறகு பெட்டிக்குக் கொடுத்தோம்.
"இதுதான் சைபர், மறந்துடாதே" என்று
அதன் மூடியைத் தட்டினாள் எப்சிபா.

சாயங்காலம் மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறேன்.
ரவுண்டானா, எண்ணெய் ஆலைச் சுவர், ரயில்வே கேட்.
சிவப்பில் எண் ஏறிக்கொண்டே வருகிறது.
பக்கத்து சீட் அக்கா
மீன் அன்னக்கூடையை நகர்த்திவிட்டு எட்டிப் பார்க்கிறாள்:
"இன்னாம்மா இது, இம்மாம் வேகமா ஓடுது?
ஷேர் ஆட்டோக்கு ஏது மீட்டரு?"