டோக்கன் அறையின் இரண்டாம் திரை

சுவரில் மாட்டிய முப்பத்திரண்டு அங்குலத் திரை
517-ஐ 51 என்று காட்டியது.
ஏழு, சட்டத்தைத் தாண்டி
பாம்பன் பாலத்துப் பக்கம் எங்கோ விழுந்திருந்தது.

ஐம்பத்தொன்றின் சொந்தக்காரர் எமரிட்
டீசல் கேனோடு எழுந்து வந்துவிட்டார்.
ஐந்நூற்றுப் பதினேழின் லூர்துபிச்சை எழவில்லை.
அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்,
இல்லாத எழுத்தை எப்படிக் கூட்டுவார்?

மடிக்கணினி என்னுடையது,
பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்தது.
விண்டோஸ் செத்த பிறகு லினக்ஸ் போட்டேன்.
கம்ப்யூட்டர் தெரியும் என்றுதான்
இந்தத் தினக்கூலிக்குச் சேர்ந்தேன்.
பாதி உண்மை.

என் திரையில் இருப்பதே சுவரிலும்.
ஆகவே
‘மானிட்டர் அளவு தப்பா வருது என்ன செய்ய’ என்று
நான் தேடியதை
நாற்பது பேர் வாசித்தார்கள்.
வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள்
என் எழுத்துப் பிழையோடு சேர்த்து வாசித்துக் காட்டினார்கள்.

‘மூணாவதை அமுக்கு தாயி.’
‘அமுக்காத, அது இங்கிலீசுல முறைக்குது.’
‘எங்க மச்சான் வீட்டு டிவி தட்டுனா சரியாயிரும்.’
ஒருவர் எழுந்துபோய்த் தட்டவும் செய்தார்.

கறுப்புச் சன்னலில் எக்ஸ்ரேண்டர் என்று அடித்தேன்.
வலை மேலே வரும் நேரத்து அமைதி அறையில்.
வந்தது இவ்வளவுதான்:
ஹெச்டிஎம்ஐ ஒன்று. இணைந்திருக்கிறது.
ஆயிரத்து இருபத்து நான்குக்கு எழுநூற்று அறுபத்தெட்டு.
திரை தன் அகலம் உயரம் சொல்லவில்லை.
அளவு சொல்லாதவருக்குக் கணினி
யாருடையதோ பழைய சட்டையை மாட்டிவிடுகிறது.

கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன்.
முனையில் பச்சை பூத்திருந்தது.
பத்தொன்பது ஊசியில்
படம் போகும் வழியை விட்டுவிட்டு
‘நான் இன்னார்’ என்று சொல்லும் வழியைத் தேடித் தின்றிருக்கிறது
உப்பு.

தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட் தொட்டு, தேய்த்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.
பிறகு திரைக்காக நானே சொன்னேன்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, ஆயிரத்து எண்பது.
கணினி ஒரு நீண்ட எண்வரிசை நீட்டியது.
அதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும்,
ரேஷன் கடையில் விரல் வைப்பது மாதிரி
ஏனென்று கேட்காமல்.

சுவர் இருண்டது.
அந்த ஒரு நொடியில்
என் வேலை போய்விட்டிருந்தது.

ஏழு திரும்பி வந்தது.
‘லூர்து அண்ணே, உங்க நம்பரு!’
எமரிட் கேனைத் தூக்கிக்கொண்டு
ஒன்றும் நடக்காதவர் போல வெளியே போனார்.

இன்னும் ஒரு சொல் பாக்கி:
வலப்பக்கம் வை.
அடித்தேன்.
என் அம்பு விளிம்பைக் கடந்து சுவருக்குள் நடந்தது.
சன்னலுக்கு வெளியே சோளகக் காற்றில்
தென்கடல் கலங்கிப் புரண்டுகொண்டிருக்க
பாலத்துக்கு அந்தப்புறம் வடகடல்
துவைத்து விரித்த சேலையாகக் கிடந்தது.
ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதே இல்லை.

சுவரில் இப்போது வெறும் எண்கள்.
ஆட்கள் அவரவர் போனுக்குத் திரும்பினார்கள்.
பையனின் படகு அட்டையோடு வந்திருந்த
சின்னப்பாலம் நம்புத்தாய் மட்டும் கேட்டாள்:
‘ஏத்தா, உன் பக்கத்தை மறைச்சிட்டியா?
அதுல்ல நல்லா இருந்துச்சு.’

மறுநாள் விடியலில் கணினியை எழுப்பினேன்.
நேற்றைய எதுவும் அதற்கு ஞாபகமில்லை.
மறுபடி அதே பழைய சட்டை,
மறுபடி சுவரில் நான்.
தொடக்கத்திலேயே தானாக ஓடும்படி
ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம், வழி தெரியும்.
நம்புத்தாய் முதல் வரிசையில்
பாசிப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

டோக்கன் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பினேன்.
குறித்து வைத்திருந்த வரியை
ஒவ்வோர் எழுத்தாக,
கொஞ்சம் மெதுவாகவே
அடிக்கத் தொடங்கினேன்.