முப்பத்தொரு நண்டு

பதினோரு நாளாய்ப் பேச்சில்லை.
கொடியில் கிடந்த மிளகைப்
பச்சையிலேயே விலை பேசி,
கமிஷன் கடையில் முன்பணம் வாங்கி,
ஒரு பழைய ஜீப்பை
ஏற்றமெல்லாம் உறும விட்டு
வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.
மறுநாளே அது படுத்துக்கொண்டது.
இப்போது அதன்மேல் தார்ப்பாய்,
தார்ப்பாய்மேல் கோழிகள்.

கடைக்காரருக்கு நெஞ்சுச் சளியாம்.
‘ஓடை நண்டப் புகைபோட்டுக் குடுத்தா
தவணையத் தள்ளிக் கேக்கலாம்’
என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.
சுவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு
பின்னால் நடந்தது.

தாண்டிக்குடிக்குக் கீழே
காபிக் காடு முடிந்து ஓடை திரும்பும் இடம்.
மழை விட்டு ஒரு மணி நேரம்.
புதுச் சேற்றைக் கக்கியிருந்தால் நண்டு வளை.
வாசல் வழவழத்திருந்தால்
உள்ளே இருப்பது வேறு, கை விடக் கூடாது.
இதைச் சொல்ல வாய் வேண்டும்.
ஒரு வளையில் வெளிச்சத்தை நிறுத்தினேன்.
அடுத்ததில் அணைத்தேன்.
அவருக்குப் புரிந்தது.

உன்னிக்குச்சியில் கோழிக்குடலைச் சுற்றிக்
கல்லிடுக்கில் நீட்டினால்
முதலில் கண் இரண்டும் வரும்,
குண்டூசித் தலைபோல.
அப்புறம் ஒரு கொடுக்கு.
இழுக்கக் கூடாது.
குச்சிக்கே வீட்டு ஞாபகம் வந்ததுபோல்
மெல்ல மெல்லப் பின்வாங்க வேண்டும்.
பிடித்ததை விடாமல் கூடவே வரும்,
வாளி விளிம்பு வரைக்கும்.

ஜீப்பைக் காட்டியும் இவரை
இப்படித்தான் இழுத்திருப்பார்கள் என்று தோன்ற
சிரிப்பு வந்து டார்ச் ஆடியது.
அந்த இருட்டில் கவ்வியது கட்டைவிரலை.
‘ஏ சின்னக்காமு!’
ஓடை நெடுக என் பெயர்.
அக்கரைத் தோட்டத்து நாய் பதில் சொன்னது.
‘தண்ணிக்குள்ள முக்குங்க, விட்டுரும்.’
இது பேச்சில் சேராது. வைத்தியம்.

மடலுக்குள் குஞ்சு சுமந்தவை நாலு.
அவற்றைத் திரும்ப விட்டோம்.
யார் சொல்லி என்று நினைவில்லை.

கொடுக்கொடிந்த ஒன்பதை ஓடு கழற்றி,
செவுளைக் கிள்ளி எறிந்து,
அம்மியில் நசுக்கி வடிகட்டினேன்.
மலைப்பூண்டு, நாலைந்து மிளகு.
நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும்,
கொதித்தால் திரிந்து போகும்.
இரண்டு கிண்ணம் ரசம்.
உறிஞ்சும் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும்.

மீதி முப்பத்தொன்று.
மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில்
ஒரு கொதி காட்டி எடுத்து
மூங்கில் சிம்பில் கோத்து
அடுப்புக்கு மேலே கட்டினேன்.
தைலமரம் ஆகாது, நண்டு மருந்துக்கடை நாறும்.
காபிக் கட்டைதான்.
தீ எழுந்தால் கொய்யா இலையால் அடக்கி
அனல் தெரியாமல் புகைய விடணும்.
செங்கல் நிறம் மெல்லக் கருக்கும்.
கொழுப்பு ஒரு சொட்டு விழும், சீறும்,
அடுத்த சொட்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

பாதி ராத்திரி என் முறை.
உப்பு ஏறியதா என்று பார்க்க ஒன்று.
உள்ளே வெந்ததா என்று பார்க்க ஒன்று.
மூன்றாவதற்குக் காரணம் கிடைக்கவில்லை,
தின்றுவிட்டேன்.
ஓடுகளைக் கரிக்குள் தள்ளிவிட்டு
அவரை எழுப்பினேன், காலால்.

விடிந்து எண்ணினால் இருபத்து மூன்று.
மறுபடி எண்ணினேன். இருபத்து மூன்றேதான்.
‘எலி’ என்றார், பல்லில் கருப்போடு.
கொடுக்கை உடைத்துச் சப்பிவிட்டு
கரியைக் கிளறிப் புதைக்கிற எலி.
கேட்கலாம்தான்.
கிளறினால் என் மூன்றும் மேலே வரும்.

பழைய தினசரியில் பொட்டலம் கட்டினேன்.
பட்டிவீரன்பட்டி போக ஏழு மணி பஸ்.
ஜீப்மேல் இருந்த சேவல்
இறங்கி வழிவிட்டது.
‘எத்தனன்னு சொல்ல?’
வாசலில் நின்று கேட்டார்.
சுவரை அல்ல, என்னை.
‘இருவதுன்னு சொல்லுங்க.’
‘மூணு கூட இருக்கே.’

‘பஸ்ஸுல எலி இருக்கும்’ என்றேன்.