ஏழாம் புள்ளி

கோனாபட்டில் பதினோரு புள்ளிக்குப் பாத்தியப்பட்ட வீடு.
முகப்புப் பூட்டுக்குப் பதினோரு சாவி.
பன்னிரண்டாவது அடைக்கலத்தின் இடுப்பில்.
மாசத்துக்கு ஒருநாள் கதவு திறக்கும்,
நானும் இருளாயியும் புல் செதுக்கப் போவோம்.

பின்கட்டுத் தோட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறது.
இது பினாங்குக்காரர் வகை,
இது பல் டாக்டருடையது,
இது செத்துப்போனவர் வகை, மகன்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.
கிணற்றை ஒட்டி ஏழாம் புள்ளி.
சேவுகப்பன் என்று பேர். நான் பார்த்ததில்லை.
நாலு வருசமாகப் பராமரிப்புப் பணம் வரவில்லையாம்.
"அவுக பங்குல மம்பட்டி படக்கூடாது,"
அடைக்கலம் செருப்புக் காலால் கோட்டைக் காட்டினான்.
"மொளைக்கிறது மொளைக்கட்டும்."

முளைத்தது.

புரட்டாசியில் ரெண்டு மழை.
மூக்கிரட்டை நாலு பக்கமும் கை நீட்டிப் படுத்துவிட்டது.
பண்ணைக்கீரை என் முழங்காலைத் தொட்டது.
அதற்குள்ளே தொய்யக்கீரை,
கிணற்றுச் சுவரில் முடக்கத்தான்.
அதன் காயை அமுக்கினால் பட்டென்று வெடிக்கும்,
இருளாயிக்கு ஐம்பத்திரண்டு வயது,
ஒன்றைக்கூட விடமாட்டாள்.

சாரணையும் கலந்து கிடந்தது.
இலையைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், பூவைப் பார்க்கணும்.
மூக்கிரட்டைப் பூ மெல்லிசுக் காம்பில் எட்டி நிற்கும்,
கடன் வாங்கினவரைப் போல.
சாரணைப் பூ இலை இடுக்கில் ஒட்டி உட்கார்ந்திருக்கும்,
வட்டிக்கு வந்தவரைப் போல.

கூலி முந்நூற்றைம்பது.
மடியில் கட்டின கீரைக்குக் கணக்கில்லை.
"ஆடு வளக்கிறியா?" என்பான் அடைக்கலம்.
ஆமா, மூணு.
ரெண்டு கால்.

ரேசன் அரிசி களைந்த முதல் தண்ணியைக் கொட்டிவிடணும்.
ரெண்டாவதுதான் மண்டிக்கு.
சின்ன வெங்காயம், உளுந்து, கிள்ளின மிளகாய்,
கீரை வதங்கி நிறம் ஏறும்போது தண்ணியை ஊற்றி
மூடாமல் கொதிக்க விடணும்.
மூடினால் பச்சை செத்துப்போகும்.
கடைசியில் தேங்காய்ப்பால், உடனே இறக்கு.
தேங்காய் ஒன்பதாம் புள்ளி மரத்தது.
தானாக விழுந்தது.
தானாகத்தான்.

சின்னவன் ஒன்பதாவது படிக்கிறான்.
"இதெல்லாம் களைன்னு புத்தகத்துல போட்டிருக்கு,"
என்று சொல்லிவிட்டு
சட்டியைச் சாய்த்து வழித்தான்.

ஐப்பசி பதினாறாம் தேதி
சேவுகப்பன் பணம் போட்டுவிட்டார்.
நாலு வருசத்துக்கும் மொத்தமாக, ஃபோனில்.
அடைக்கலம் திரையை எங்கள் முகத்துக்கு நேரே பிடித்தான்.
"இன்னைக்கு ஏழையும் செதுக்கிருங்க."
"யாரை?" என்றாள் இருளாயி.
அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று.
விளங்கினதும் சிரிக்கவில்லை.

செதுக்கினோம்.
மூக்கிரட்டை வேர் விரல் தண்டி,
அதற்கும் கிணற்றுக்கும் என்ன பேச்சோ, நேரே கீழே போகிறது.
கழுத்தோடு வெட்டி மண்ணைத் தள்ளி மூடினேன்.
மத்தியானத்துக்குள் செம்மண் மழுமழுவென்று.
அடைக்கலம் படம் எடுத்து அனுப்பினான்,
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அன்றைக்கு மடி கொள்ளவில்லை, சாக்கில் கட்டினோம்.
தெருவில் ஆறு வீட்டுக்குக் கொடுத்தும் மிச்சம்.
நாச்சம்மை மட்டும் வாங்கவில்லை,
பூட்டின வீட்டுக் கீரை ஆகாதாம்.
மறுநாள் சுண்டினதைக் கேட்டு அனுப்பினாள்.

கார்த்திகையில் போனபோது
பதினோரு பங்கும் ஒரே மொட்டை.
வேர் விட்ட இடத்தில் இரண்டு இலை, நகம் அளவு.
நான் காலை வைத்து மறைத்துக்கொண்டு
சும்மா கேட்பது மாதிரி கேட்டேன்:
"இப்ப யாரும் பாக்கி இல்லையா?"
"பல் டாக்டருதான். ரெண்டு மாசமா இழுக்குறாரு."

இருளாயி கிணற்றுச் சுவரில்
எங்கள் கைக்கு எட்டாமல் காய்ந்திருந்த ஒரு முடக்கத்தான் காயைக்
குச்சியால் தட்டி எடுத்தாள்.
அமுக்கினாள். மூன்று விதை, கறுப்பு,
ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு பல்.

அடைக்கலம் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.
நான் முந்தானையை
அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று
நன்றாக உதறினேன்.
தூசி.