இரண்டு சாவி

சோஹார் தொழிற்பேட்டை. ஜூன்.
வாசலில் நீட்டிய கருவி
எல்லார் நெற்றியிலும் முப்பத்தொன்பது என்றது.
காய்ச்சல் இல்லை,
பஸ்ஸிலிருந்து நடந்துவந்த வெயில்.
ஏசி கொட்டகையில் பத்து நிமிடம் நின்று
ஆறினவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள்.

அன்றைக்குத்தான் சுற்றறிக்கை வந்தது.
பதினான்கு பக்கம்.
'அடுத்த ஷிஃப்டுக்குள் தமிழில் போட்டுக் கொடு' என்றார் மேலாளர்.
ஆவணப் பிரிவில் தமிழன் நான் ஒருவன்.

கை கழுவுவது, தும்முவது எல்லாம் சுலபமாய் வந்தது.
'விலகி நில்' என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது.
எங்கள் தெருவுக்கு நோய் வருவதற்கு
வெகு காலம் முன்பே
வந்து சேர்ந்த சொல் அது.
அடித்துவிட்டு
'இடைவெளி விடவும்' என்று எழுதினேன்.

ஒன்பதாம் பக்கம், மூன்றாம் பத்தி:
'கஞ்சா உற்பத்தியாளர்கள் தங்கள் வளாகத்தின் பாதுகாப்பை...'
மூன்று தடவை படித்தேன்.
சட்டப்படி அதை வளர்க்கிற ஏதோ தேசத்தின் அறிக்கை.
வரிக்கு வரி 'கட்டுப்பாட்டு மருந்து' என்று மாற்றி
எங்களிடம் விற்ற ஆலோசகர்
இந்த ஒரு இடத்தைக் கோட்டைவிட்டிருக்கிறார்.

இங்கே அந்தச் சொல்லைக் கழிப்பறையில்கூட முணுமுணுக்கமாட்டோம்.
யாரோ கொடுத்த ஊறுகாய் பாட்டிலை
விமானத்தில் கொண்டுவந்து
ஏழு வருஷமாய் உள்ளே இருப்பவனை எனக்குத் தெரியும்.
மாங்காய்க்கு அடியில் என்ன இருந்தது என்று
அவனுக்கு இன்னும் தெரியாது.

மேலாளர் கறுப்பு மையால் பூசினார்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிந்தது.
இன்னொரு தடவை பூசினார்.

எங்கள் பெட்டக அறையில் இருப்பது மார்ஃபின்.
இரண்டு சாவி, இரண்டு ஆள், ஒரே நேரம்: விதி நான்கு.
ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர்: விதி பதினொன்று.
துளைக்கும் துளைக்கும் நடுவே ஒரு முழம்.

லூர்து சேவியரும் ரோவெனாவும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து திருப்புவார்கள்.
கேமராவுக்கு முகம் தெரியவேண்டும் என்று ஒரு விதி,
முகக்கவசம் கழற்றாதே என்று ஒரு விதி.
பேரம் பேசி மூன்று விநாடி என்று முடித்தோம்.
கவசத்தைத் தாடைக்கு இறக்கி
ரோவெனா சிரிப்பாள்.
படம் எடுத்தால் சிரிக்கவேண்டும் என்று
மணிலாவில் யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

ஜூலையில் அவள் கட்டிடத்துக்குச் சங்கிலி போட்டார்கள்.
நாலு நாள் கழித்து ஆம்புலன்ஸ்.
பிறகு அவள் எண்ணை அழைத்தால்
அரபியில் ஒரு குரல், பிறகு ஆங்கிலத்தில் அதே குரல்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.
குழாய் செருகியவர்களுக்கு
இருநூறு ஆம்பூல், இன்றைக்கே.
சாவி முத்திரையிட்ட உறையில் கிடக்கிறது,
தொட அனுமதி உள்ளவள் கிடப்பது எங்கே என்று தெரியவில்லை.
மேலாளர் என் பெயரை எழுதினார்.
'முழுதும் படித்தவன் நீ ஒருவன்தானே.'

சேவியரின் தோள் என் தோளில் இடித்தது.
நாலு மாதத்தில் என்மேல் பட்ட முதல் மனிதன்.
'ஒன்று, ரெண்டு' என்றவர்
மூன்றைச் சொல்லவில்லை, திருப்பினார்.
நானும்.
கேமரா முன் முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
பாஸ்போர்ட் முகத்தை வைத்தேன்.

தொண்ணூறு நாளில் பழைய பதிவு தானே அழியும்: விதி ஆறு.
எண்பத்தெட்டாம் நாள்
கேமரா அறைக்குப் போய் நின்றேன்.
காவலர் ஹிலால் தேதியைக் கேட்டார்.
அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்றார்.
இல்லை.
சுவரில் ஒட்டியிருந்த விதியைக் காட்டினார்,
எதையோ தட்டினார்,
தேநீர் வாங்கப் போனார்.

ஒலி கிடையாது அந்தப் பதிவில்.
பக்கத்தில் சேவியரின் முழங்கை.
கவசம் இறங்குகிறது.