பன்னிரண்டு பாகத்தில்

செத்தபிறகுதான்
எனக்கு மீன்களோடு பழக்கம்.
ஐஸ் பெட்டியில், ஏலத்தரையில்,
பெனிட்டா திங்கள்சந்தைக்குச் சுமக்கும்
அலுமினியச் சருவத்தில்.
கணவாய் என்றால் வெள்ளை.
பாரை என்றால் ஈயம்.
கிளிமீன் என்றால்
மதியத்துக்குள் மங்கிவிடுகிற ஒரு பச்சை.

சிப்பி பறித்த காலத்தில்
ஒற்றை மூச்சுதான் முதலீடு.
அதைப் பாறையில் செலவழிக்கவே போதாது.
இப்போது முதுகில் சிலிண்டர்,
நாற்பது நிமிடத்துக்குக் கடன்வாங்கிய காற்று.
சும்மா பார்ப்பதற்குக் கூலி தருகிறார்கள்.

இன்று வந்தவர் சேலத்துப் பல் டாக்டர்.
கடியப்பட்டணத்துக்குத் தெற்கே
கொம்பன்மடையில் இறங்கினோம்.
வாநீவாடு லேசாக இழுத்தது.
தண்ணீர் கஞ்சித்தெளிவு போல.

கீழே பேச்சு கிடையாது, கைதான்.
உள்ளங்கையை உச்சியில் நிமிர்த்தி வைத்தால் சுறா.
கைமேல் கைவைத்துப்
பெருவிரல்கள் துழாவினால் ஆமை.
விரல்களைத் தொங்கவிட்டு நெளித்தால் பேய்க்கணவாய்.
கிலோ என்ன விலை என்பதற்குச் சைகை இல்லை.
பயிற்சியின் முதல் நாளே கேட்டேன்,
எல்லோரும் சிரித்தார்கள்.

அஞ்சாலை பொந்திலிருந்து தலைநீட்டி
வாயைத் திறந்து திறந்து மூடியது.
டாக்டர் நகரவே இல்லை,
பல்வரிசையை உற்றுப் பார்த்தபடி மிதந்தார்.
பேத்தை ஒன்று
எங்களுக்காக ஊதிக்கொள்ளவும் சோம்பல்பட்டது.
கல்லிடுக்கில் சிங்கி இறால்கள்
மீசையை மட்டும் வெளியே விட்டிருந்தன.
ஏழு.
எண்ணியது நானல்ல, போன மாச வட்டி.

பிறகு அந்தக் கணவாய்.
கையகலம்தான். மணலாக நின்றது.
என் நிழல் பட்டதும் செங்கல்லானது.
காற்றில் காயும் கைலிபோல
உடம்பெங்கும் வரிகள் ஓடின.
மடங்கி நெளிந்த கண்மணியால்
என்னைப் பார்த்தது.
இருபது வருஷம் அதன் மை என் நகக்கண்ணில்.
இத்தனை நிறம் உண்டென்று
ஒரு கணவாயும் சொன்னதில்லை.

மடையின் கிழக்குப் பிளவில் கலவா நின்றது.
பத்து வயசுப் பையன் அளவு.
கீழுதட்டில் வடு,
யாரோ இழந்த தூண்டிலின் கையெழுத்து.
செவுள் திறந்தது, மூடியது.
என் குமிழிகள் அதன் கூரையில் முட்டி
பாதரசமாக உருண்டன.
முப்பது கிலோ. தலை மட்டும் ஆறு.
டாக்டர் தோளைத் தொட்டு
என்ன அங்கே என்று புருவம் உயர்த்தினார்.
நான் கையை விரித்தேன்.
ஒன்றுமில்லை.

கரையில் மச்சான் கிறிசோஸ்டம்
தூண்டிலுக்கு நரம்பு சுற்றிக்கொண்டிருந்தான்.
"மடையில என்னமாவது நிக்கா?"
வீட்டுக்குள் கணியம் மறைப்பது
எங்களுக்கு வழக்கமில்லை.
வேளிமலைப் பள்ளத்துக்கு நேரே கோயில் குருசு,
முட்டம் லைட்டுக்கு நேரே ஒற்றைப் பனை.
அதில் ஒரு பனை தள்ளிச் சொன்னேன்.
கரையில் ஒரு பனை
கடலில் நூறு பாகம்.

ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் பொய்.
நன்றாகத் தூங்கினேன்.

விடியலில் வள்ளம் வந்தது.
பலகைமேல் ஒரு கலவா.
ஆட்களை விலக்கிப் போய்க் குனிந்து
கீழுதட்டை இழுத்துப் பார்த்தேன்.
"என்னவோய், பல் டாக்டருக்குப் படிக்கியளோ?"
வடு இல்லை.
வேறொன்று.

வேறொன்றுக்கும்
ஒரு பிளவு இருந்திருக்கிறது அங்கே,
ஒரு பனை தள்ளி.
செவுள் திறந்து மூடியிருக்கும்.
நான் அந்தப் பக்கம் போனதில்லை.

சொன்ன இடத்தில் அப்படியே கிடைத்ததென்று
எனக்கும் பங்கு எடுத்துவைத்தான் மச்சான்,
தலையோடு.

மரச்சீனி அவித்துத்
தலைக்கறி வைத்தாள் பெனிட்டா.
காரம் கொஞ்சம் கூடுதல்.
ருசியாகத்தான் இருந்தது.
எப்போதும் எனக்கென்று வைக்கிற கண்ணை
மகள் தட்டுக்குத் தள்ளினேன்.
அவள் வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்:
"ஏன்ப்பா, இன்னைக்கு வேண்டாமா?"

உள்ளங்கையை விரித்தேன்.